சாய்வானின் சின்னக் கை

எங்கள் ஸ்டூடியோவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எலும்பு என்பார்கள். "எலும்பு வந்தாச்சா?", "எலும்புகிட்ட கேட்டியா?", "எலும்பு ஒத்துக்காது." ஒல்லியாக இருப்பதால் வந்த பட்டம் என்று நினைக்கவேண்டாம்; நான் அப்படி ஒன்றும் ஒல்லி இல்லை. அனிமேஷன் படங்களில் வருகிற, உலகத்தில் எங்குமே இல்லாத உயிர்களுக்கு உள்ளுடம்பு வரைவது என் வேலை. தோல், கண்ணழகு, முடியின் நிறம் எல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். எது எதோடு சேர்கிறது, முட்டி எந்தப் பக்கம் மடங்கும், தூங்கும்போது வால் எங்கே போகும் என்பதெல்லாம் என் பாடு.

இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வேலை இல்லாத எலும்பை நான் வரைய மாட்டேன். யாராவது புது உயிர் ஒன்றின் படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் என் விரல் நேராக அதன் மேல் எங்கேயாவது போய் நிற்கும். இது எதுக்கு? கொம்பா, எதுக்கு? முதுகில் செதிலா, எதுக்கு? சும்மா அழகுக்கு என்று வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். என் காலடிச் சத்தம் கேட்டதும் பக்கத்து அறைக்காரர்கள் படத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள் என்று கேள்வி. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இந்த முறை வந்தது ஒரு காட்டுப் படம். மரத்துக்கு ஒன்றாக ஆவிகள் வரவேண்டும் என்றார் டைரக்டர். பயமுறுத்துகிற ஆவி இல்லை, மரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆவி. மரம் முளைக்கும்போது தானும் முளைத்து, அது சாயும்போது தானும் போய்விடுகிற ஓர் இனம். பஞ்சு உருண்டையில் இரண்டு கண் வைத்துவிட்டால் என்ன என்று யாரோ ஒருவர் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

"ஆவின்னா உடம்பே இருக்காதே, எலும்பு. இதுல உனக்கு என்ன வேலை?" என்றார் டைரக்டர்.

"காத்துல முறிஞ்ச கிளையை அது தூக்கிக் கட்டுதுன்னு கதையில எழுதியிருக்கீங்களே சார். உடம்பு இல்லாம எதை வெச்சுக் கட்டும்?"

அவர் கதையை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு அதை என்னிடமே கொடுத்துவிட்டார்.

நான் அந்த இனத்துக்குச் சாய்வான் என்று பெயர் வைத்தேன். ஆயுசு முழுக்க ஒரே மரத்தில் சாய்ந்திருக்கிற உயிர். சாய்ந்தே வளர்வதால் முதுகு ஒரு பக்கம் தட்டை. எந்நேரமும் கிளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்பதால் கண்கள் நெற்றிக்கு ஏறிவிட்டன. மேலேயிருந்து சருகும் தூசியும் விழுந்துகொண்டே இருக்குமே என்று புருவ எலும்பைக் கூரை மாதிரி முன்னால் இழுத்துவிட்டேன். வாய் வேண்டாம் என்று வைத்தேன். பாதத்தால் ஈரத்தை உறிஞ்சும் உயிருக்கு வாய் எதற்கு? எலும்புகளுக்குள் மழைத்தண்ணீர். கோடையில் அது வற்றி உடம்பு லேசாகிவிடும், துள்ளிக்கொண்டு திரியும். மழைக்காலத்தில் கனத்துப்போய் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது. பேச்சுக்கு விலா எலும்புகளை ஒன்றோடு ஒன்று உரசிக்கொள்ளும். கோபத்துக்குக் கீழ் விலா, சந்தோஷத்துக்கு மேல் விலா. எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது.

கடைசியாகக் கைகள். வெளிப்பக்கக் கை நீளம். மரத்தை ஒட்டிய கை குட்டை. முழங்கைக்குக் கீழே ஒரு சாண்கூட இல்லாமல், நுனியில் மொட்டு மாதிரி இரண்டு விரல்களோடு முடிந்துவிடும். இதை வரையும்போது மட்டும் நான் எந்தக் கேள்வியும் கேட்டுக்கொள்ளவில்லை. கை தானாகப் போய் வரைந்துவிட்டது.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சாய்ந்து நிற்கிற ஒருவர் என்று நினைத்தாலே எனக்கு அக்காதான் வருவாள். அவள் கணக்கு டீச்சர். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் சமையலறையில் எதையாவது தீய்க்கும்போதெல்லாம் அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, இடது கையை நிலையோடு அணைத்து, வலது கையை ஆட்டி ஆட்டி என்னைத் திட்டுவாள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இடது கை குட்டை, முழங்கைக்குக் கீழே கொஞ்சம்தான், நுனியில் மொட்டு மாதிரி இரண்டு விரல். திட்டி முடித்ததும் மார்க் போடுவாள். நான் போடும் டீக்குப் பத்துக்கு ஆறு. துணி மடிப்பதற்கு ஐந்து. வீட்டில் நான் ஏழைத் தாண்டியதாக நினைவில்லை.

என் படங்களை முழு உருவமாகக் கம்ப்யூட்டரில் செய்கிறவருக்கு ஸ்டூடியோவில் சிற்பி என்று பெயர். நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர், ஆனால் அவருக்கு ஒரு சோம்பேறித்தனம் உண்டு. அது அவர் தொழிலுக்கே உள்ள சோம்பேறித்தனம். எந்த உடம்பாக இருந்தாலும் பாதியைத்தான் செய்வார். வலது கண், வலது கை, வலது கால். பிறகு ஒரு பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டர் அதை அப்படியே மறுபக்கத்துக்குத் திருப்பிப் போட்டுவிடும். மனிதன், மாடு, பூச்சி எல்லாவற்றுக்கும் இது சரிப்பட்டு வருவதால், அந்தப் பட்டனை அவர் யோசித்துத் தட்டுவது கிடையாது.

அவர் செய்து முடித்த அன்றைக்கு ஸ்டூடியோ கூடத்துப் பெரிய திரையில் என் சாய்வான் வந்து நின்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

"யாரு இது?" என்றேன்.

"என்ன கேள்வி, உன் சாய்வான்தான்," என்றார் சிற்பி.

"என் சாய்வானுக்கு ஒரு கை குட்டையாச்சே."

"குட்டையா? அந்தக் கை தள்ளி இருக்கு, அதனால சின்னதா தெரியற மாதிரி நீ வரைஞ்சிருக்கேன்னு நினைச்சேன்."

நல்ல வாட்டசாட்டமாக, இரண்டு கையும் ஒரே நீளத்தில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றான் அவன். என் பல் நறநறவென்றது. சிற்பி உடனே திருத்துகிறேன் என்று உட்கார்ந்தார். இந்த முறை இடது பாதியைச் செய்து பட்டனைத் தட்டிவிட்டார். இரண்டு கையும் குட்டையாகி, யாரோ பொம்மையைப் பிடுங்கிக்கொண்ட குழந்தை மாதிரி சாய்வான் பரிதாபமாக நின்றான். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதை அடக்கிக்கொள்ளத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். மூன்றாவது தடவை சிற்பி இரண்டு பாதியையும் தனித்தனியாகச் செய்தார். அப்போதுதான் அது நான் வரைந்த உயிர்.

ஆனால் அதற்குள் டைரக்டரின் மனசு முதல் ஆளிடம் போய்விட்டது.

"ரெண்டு நீளக் கை நல்லாத்தானே இருந்துச்சு," என்றார். என் பக்கம் திரும்பி, திரையில் ஒரு விரலை வைத்தார். "எலும்பு, இந்தச் சின்னக் கை எதுக்கு?"

இத்தனை வருஷமாக நான் ஊரைப் படுத்திய கேள்வி. பக்கத்து அறைக்காரர்கள் இரண்டு பேர் கதவருகில் வந்து நின்றார்கள். இந்தக் காட்சியை அவர்கள் விடுவார்களா?

"அது மரத்துப் பக்கம் சார். நீளமா இருந்தா மரத்துல இடிக்கும்."

"இடிக்கும்னா கையே வேண்டாமே. அரைக் கை எதுக்கு?"

என்னிடம் பதில் இல்லை. நெற்றிக் கண்ணுக்கு உண்டு, ஈரம் உறிஞ்சும் பாதத்துக்கு உண்டு, கையில் மட்டும் முழிக்கிறேன். அந்தக் கையை அதன் பாட்டுக்கு மரத்தோடு ஒட்டவைத்து, ஒரு வேலையும் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். வேலை இல்லாத எலும்பை வரைய மாட்டேன் என்று தம்பட்டம் அடித்தவள் நான்தான்.

"கிளையைக் கட்டற காட்சிதான் படத்துக்கே உயிர். ஒத்தைக் கையால எப்படிக் கட்டும்?" என்றார் டைரக்டர்.

"கட்டும் சார்."

"அப்போ செஞ்சு காட்டு."

எங்கள் ஸ்டூடியோவில் இது ஒரு வழக்கம். உடம்பைப் பற்றிய சந்தேகத்தை நாங்கள் பேசித் தீர்ப்பதில்லை. கூடத்தின் நடுவில் மேசை நாற்காலி இல்லாமல் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். வரைந்தவர் அங்கே போய்த் தன் உடம்பால் செய்து காட்டவேண்டும். ஆறு கால் பிராணி ஒன்றுக்காக நானும் சிற்பியும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தவழ்ந்திருக்கிறோம். டைரக்டரே ஒருமுறை கதவில் தலைகீழாகத் தொங்கி, கதவோடு கீழே வந்தார். செய்ய முடிந்தால் படத்தில் இருக்கும், முடியாவிட்டால் இருக்காது. அப்பீல் கிடையாது.

"வெள்ளிக்கிழமை கட்டிக் காட்டு. கட்டிட்டா சின்னக் கை இருக்கட்டும். இல்லேன்னா ரெண்டும் நீளம்தான்," என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மனசு சரியில்லை. என் படங்களைத் திருத்துவது புதிதா என்ன? எத்தனையோ கொம்பு போயிருக்கிறது, எத்தனையோ வால் வந்திருக்கிறது. ஆனால் இந்தக் கையை நீளமாக்குவது, என் அக்காவை யாரோ பிடித்துச் சரிசெய்கிற மாதிரி இருந்தது. அவளிடம் சரிசெய்ய ஒன்றும் இல்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

அக்கா பள்ளியிலிருந்து வருவதற்குள் பழகிப் பார்த்துவிடலாம் என்று வேலையை ஆரம்பித்தேன். இடது கையை மடக்கி, முழங்கை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஜன்னல் கம்பி மரம், துடைப்பம் கிளை, துணி காயப்போடுகிற கயிறு கொடி. துடைப்பத்தை வலது கையால் தூக்கிக் கம்பியோடு வைத்தால் கயிற்றைச் சுற்றக் கை இல்லை. கயிற்றை எடுத்தால் துடைப்பம் என் கால் விரலில் விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்தபோது நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"யாரைத் திட்டறே?" என்று கேட்டது ஒரு குரல்.

அக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்றாள், தோளில் பையோடு. அவள் கண் துண்டில் போய் நின்றது.

"யாரு இது?"

"சாய்வான். புதுப் படத்துல வர்ற ஒரு ஆவி."

"சாய்வானா? எனக்கு வேற யாரோ மாதிரி தெரியுது."

அவள் பையை நாற்காலியில் போட்டுவிட்டு வந்து என்னைச் சுற்றிப் பார்த்தாள்.

"கேட்டியா என்னை?"

"எதை?"

"கையை எடுத்து ஒரு ஆவிக்கு மாட்டிட்டியே, அதை."

"அக்கா, நான் வேணும்னு செய்யல. தானா வந்துடுச்சு."

"தானா வந்துடுச்சாம். வாலு." சின்ன வயதிலிருந்து அவள் எனக்கு வைத்த பெயர் அது. "அதுவும் தப்பா வந்திருக்கு. என் கை என்ன கட்டிப்போட்ட கையா?"

சொல்லிவிட்டு டீ போடப் போனாள். நான் துண்டோடு பின்னாலேயே போனேன். அலமாரியிலிருந்து சர்க்கரை பாட்டிலை எடுத்தாள். எடுத்தது வலது கை, ஆனால் பாட்டில் அலமாரியை விட்டு வருவதற்கு முன்பே இடது கை அதற்காக வந்து காத்திருந்தது. பாட்டிலை வாங்கி விலாவோடு அழுத்திக்கொண்டது. வலது கை மூடியைத் திருகியது, அவ்வளவுதான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. தினமும் பார்க்கிற காரியம். நான் அப்போதுதான் பார்த்தேன்.

"இன்னொரு தடவை செய்யேன்," என்றேன்.

"எதை?"

"அந்த மூடியை."

"ஓ. சர்க்கஸ்னு நினைச்சியா? டிக்கெட் வாங்கிட்டு வந்து உட்காரு."

பஸ்ஸில், கடையில், புது வகுப்பின் முதல் நாளில் என்று எல்லா இடத்திலும் அவள் கையை வெறித்துப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களுக்கு அவள் சொல்லும் வசனம் இது. எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் டீயை வாங்கிக் குடித்துவிட்டேன்.

அதன் பிறகு நான் அவளைத் திருட்டுத்தனமாகப் பார்க்க ஆரம்பித்தேன். குடையை மடக்குவதை, ஈரத் துணி பிழிவதை, விடைத்தாள் கட்டை மேசையில் தட்டி நேராக்குவதை. எதைச் செய்தாலும் முதலில் போவது சின்னக் கைதான். அழுத்தும், இடுக்கும், முட்டுக்கொடுக்கும், நிறுத்தும். அது ஒரு பொருளை ஒரு இடத்தில் நிலைநிறுத்திய பிறகுதான் நீளக் கை வந்து ஒய்யாரமாக வேலையை முடித்துப் பெயர் வாங்கிக்கொண்டு போகும்.

துணி மடிக்கும்போது இன்னொன்று தெரிந்தது. அவள் சட்டைகள் எல்லாமே இடது தோளில் தையல் விட்டிருந்தன. தைத்தவளும் நான்தான். எத்தனை தடவை தைத்திருப்பேன்? மட்டமான துணி என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே தைத்திருக்கிறேன்.

"அக்கா, உன் இடது தோள் வலது தோளைவிடப் பெருசா?"

விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "பின்ன? எல்லாப் பாரமும் அதுதானே தாங்குது. இப்பதான் தெரியுதா உனக்கு? பெரிய எலும்பு டாக்டர்."

அன்றைக்கே உட்கார்ந்து சாய்வானைத் திரும்ப வரைந்தேன். சின்னக் கைக்கு மேலே தோளை இரண்டு மடங்கு பருமனாக்கினேன். கழுத்தடிக் காறை எலும்பைக் கெட்டியாக்கினேன். மார்பெலும்பில் அந்தப் பக்கம் ஒரு குழி, கொடியின் நுனியை வைத்து அழுத்திக்கொள்ள. முழங்கை மடிப்பில் ஒரு மடல், நழுவாமல் பிடித்துக்கொள்ள. வரைய வரைய எனக்கே ஆசையாக இருந்தது. முதல் சாய்வான் மரத்தில் சும்மா சாய்ந்திருந்தான். இந்தச் சாய்வான் மரத்தைத் தாங்கினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடத்தின் நடுவில் கோட் மாட்டுகிற ஸ்டாண்டை மரமாக நிறுத்தினார்கள். சிற்பி எங்கிருந்தோ நிஜக் கிளை ஒன்றே கொண்டுவந்திருந்தார், பாவம், தன் பட்டனுக்குப் பரிகாரம். ஒரு பழைய ஒயர்தான் கொடி. நான் கையை மடக்கிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். முழங்கைதான் என் சின்னக் கை.

கிளையை முழங்கையால் ஸ்டாண்டோடு அழுத்தினேன். நின்றது. ஒயரைச் சுற்றினேன், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. தோள் தீயாய் எரிந்தது. அக்காவின் தோள் இல்லையே இது, நாற்காலியில் உட்கார்ந்து பென்சில் பிடித்த தோள். ஆனாலும் கிளை நின்றது. கதவருகில் நின்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இனி முடிச்சுதான் பாக்கி. ஒயரின் ஒரு நுனி கையில் இருந்தது. மறு நுனி நழுவப் பார்த்தது. நான் குனிந்து அதைப் பல்லால் கவ்வி, இழுத்து, முடிச்சுப் போட்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். யாரும் கைதட்டவில்லை.

"எலும்பு," என்றார் டைரக்டர் மெதுவாக. "சாய்வானுக்கு வாய் கிடையாதே."

ஒயர் இன்னும் என் பல்லில் இருந்தது.

"நீதானே வேண்டாம்னு சொன்னே. வாய் எதுக்குன்னு கேட்டே."

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. சிற்பி மட்டும் சிரிக்கவில்லை. நான் ஒயரைத் துப்பினேன். முடிச்சு அவிழ்ந்து கிளையும் கீழே விழுந்தது.

"இன்னொரு தடவை வேணும்னாலும் செஞ்சு பாரு," என்றார் டைரக்டர். கெட்ட மனிதர் இல்லை அவர்.

"என்னால முடியாது சார். இது என் உடம்பு இல்ல. எங்க அக்காவோடது. அவளுக்கு இடது கை இப்படித்தான். அவ பல்லே படாம கட்டுவா."

"அவ்வளவுதானே? அக்காவைக் கூட்டிட்டு வா. வந்து செஞ்சு காட்டட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை பிழைத்துவிடும், சாய்வான் பிழைத்துவிடுவான். எனக்கு அந்த சர்க்கஸ் டிக்கெட் ஞாபகத்துக்கு வந்தது.

"கூட்டிட்டு வர மாட்டேன்," என்றேன்.

"ஏன்?"

"அவ காட்சிப் பொருள் இல்ல சார்."

அவர் கிளையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, அப்படியென்றால் திங்கட்கிழமை சிற்பி இரண்டு நீளக் கையோடு அடுத்த வேலைக்குப் போகட்டும் என்றார். நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, ஏற்கெனவே கூர்மையாக இருந்த பென்சில்களை எல்லாம் சீவினேன்.

வீட்டில் அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள். "என்ன, ஆவி செத்துடுச்சா?"

நடந்ததைச் சொன்னேன். பல் விஷயத்துக்கு அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கூட்டிட்டு வர மாட்டேன் என்று நான் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரைக் கேட்டு அப்படிச் சொன்னே?"

"நீதானேக்கா அன்னிக்கு சர்க்கஸ்னு சொன்னே."

"நான் சொன்னேன். நான் சொல்லலாம். நீ யாரு எனக்காகச் சொல்ல?"

"உனக்குப் பிடிக்காதுன்னு..."

"கையை எடுக்கும்போதும் கேக்கல. இப்போ கை வராதுன்னு சொல்லும்போதும் கேக்கல. ரெண்டு தடவையும் என் வாயை நீயே வெச்சுக்கிட்டே. அந்த ஆவிக்கு வாய் இல்லைன்னா எனக்கும் இல்லையா?"

அவள் சொன்னது சரி. சரி என்பதால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோக்கா," என்றேன். "இப்போ கேக்கறேன். வர்றியா?"

"யோசிக்கணும்," என்று சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் யோசித்தாளோ இல்லையோ, அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று தெரியும்.

திங்கட்கிழமை காலையில் நான் செருப்பை மாட்டும்போது அவளும் மாட்டினாள். "அரை நாள் லீவு போட்டிருக்கேன். நட," என்றாள்.

கூடத்துக்குள் அவள் நுழைந்தது வகுப்புக்குள் நுழைகிற மாதிரிதான். பேச்சுச் சத்தம் தானாக நின்றது. டைரக்டர் எழுந்து வந்து வணக்கம் சொன்னார். சிற்பி அவள் கையைப் பார்க்கக்கூடாது என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காட்டத்தானே வந்திருக்கேன், பாருங்க," என்றாள் அவரிடம். "நீங்கதானே அந்தப் பட்டன்? கிளை எங்க?"

சிற்பி கிளையைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா ஸ்டாண்டில் சாய்ந்து நின்றாள். எங்கள் வீட்டு நிலைப்படியில் நிற்கிற அதே சாய்வு. சின்னக் கை கிளையை வாங்கி ஸ்டாண்டோடு சேர்த்து அழுத்தியது. ஒயரின் நுனியை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டாள். நீளக் கை சுற்றியது. கடைசியில் மொட்டு விரல் இரண்டும் நுனியை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொள்ள, நீளக் கை வளையம் போட்டு, உள்ளே விட்டு, இழுத்தது. பிறகு விலகி நின்றாள். டைரக்டர் போய்க் கிளையை ஆட்டிப் பார்த்தார். ஸ்டாண்டுதான் ஆடியது.

"இன்னொரு தடவை செய்ய முடியுமா டீச்சர்?" என்று கேட்டார்.

"முடியாது. கவனிக்காதவங்களுக்கு நான் திரும்ப நடத்தறதில்ல."

அவர் சிரித்துவிட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். "ஒரே ஒரு சந்தேகம். ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னக் கைதான் முதல்ல போகுது. நல்ல நீளமான கை இருக்கும்போது, அது ஏன் முதல்ல போகுது?"

அக்கா அதைப் பற்றி யோசித்ததே இல்லை போலிருக்கிறது. தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அது பக்கத்துல இருக்கு," என்றாள். "பக்கத்துல இருக்கறதுதானே முதல்ல போகும்."

சிற்பி தன் மேசைக்குப் போய், நான் திரும்ப வரைந்த படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினார். இரண்டு பாதியையும் தனித்தனியாகச் செய்ய உட்கார்ந்தார்.

அந்தக் காட்சி அசைவும் சத்தமும் சேர்ந்து தயாரானதும் அக்காவை மறுபடி அழைத்துப்போனேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான். இருட்டறையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். திரையில் காற்று அடித்தது, கிளை முறிந்து தொங்கியது. மழைத்தண்ணீரால் கனத்த ஒரு சாய்வான் கண்ணை மேலே தூக்கிப் பார்த்தான். கிளை விழுவதற்குள் சின்னக் கை போய்விட்டது. அதைப் பிடித்து, மரத்தோடு சேர்த்து, அப்படியே தாங்கிக்கொண்டு நின்றது. நீளக் கை பிறகுதான் வந்தது. கட்டி முடித்ததும் மேல் விலா எலும்புகள் இரண்டு மெல்ல உரசிக்கொண்டன.

விளக்கு வந்தது. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை, நானும் பார்க்காத மாதிரி இருக்கவில்லை.

"பத்துக்கு எவ்வளவுக்கா?" என்றேன்.

"எட்டு."

என் வாழ்க்கையில் எட்டு வாங்கியதில்லை. ஆனாலும் நான் கேட்காமல் விடுவேனா?

"ரெண்டு எங்க போச்சு?"

"என்னைக் கேக்காம எடுத்தது ஒண்ணு," என்றாள் அக்கா, எழுந்துகொண்டே. "என்னைக் கேக்காம குடுக்க மாட்டேன்னது ஒண்ணு."

இருட்டறைப் படியில் நான் தடுக்கினேன். சின்னக் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.